கண்ணாடியை மட்டும் மாற்றச் சொன்னாள்

இந்தத் தொடரில் இந்த வாரம் நான் எழுதியிருக்க வேண்டியது என் முதல் வேலையைப் பற்றி. போன வாரம் நான் வேலைக்குச் சேர்ந்த கல்லூரி வாசலில்தான் உங்களை நிறுத்தியிருந்தேன். அது கொஞ்சம் காத்திருக்கட்டும். இப்போது சொல்லப்போவதை ஆறப்போட்டால் பூசி மெழுகி எழுதிவிடுவேன் என்று எனக்கே என்மேல் சந்தேகமாக இருக்கிறது.

காவிரியில் ஜேடர்பாளையம் அணைக்குக் கீழே தண்ணீர் ஓரமாக நின்றிருந்தேன். உச்சி வெயில். செருப்புக்குள் மணல் ஏறிச் சுட்டது. தோளில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் ஆட்டையாம்பட்டியில் பஸ் நின்றபோது வாங்கிய கை முறுக்குப் பொட்டலம், தாளில் சுற்றிய ஒரு புதுப் படம், அடியில் ஒரு காக்கி உறை. அந்த உறையை ஆற்றில் விடுவதற்குத்தான் இறங்கியிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் உடைந்த சாமி படத்தையும், பழுதாகிப்போன பெரியவர்கள் படத்தையும் குப்பையில் போட மாட்டார்கள். ஆற்றில் விட்டுவிடுவார்கள். ஏன் விட்டாய் என்று யாரும் கேட்பதில்லை. அந்த வசதியை நம்பித்தான் வந்தேன்.

குனிந்தேன். மேலே மீன் வறுக்கிற கடையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"ஏனுங்க பெரியவரே, அங்க எறங்காதீங்க. பாசி வழுக்கும். மீன் வேணுமின்னா இங்கிருந்தே சொன்னாப் போதுங்க."

"மீன் வேண்டாங்க. சும்மா பாக்க வந்தேன்."

"சும்மா பாக்கறதுக்குப் பார்க்குல பெஞ்சு போட்டிருக்குதுங்க. ஆத்துக்குள்ள போயித்தான் பாக்கோணுமா?"

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். மேலே ஏறினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இறங்கினேன். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி ஏறினேன்.

உறைக்குள் என் அம்மா இருந்தாள். முகம் இல்லாமல்.

அக்கா கேட்டது

என் அக்கா அணையிலிருந்து கூப்பிடு தூரத்தில், வாய்க்காலுக்கு அந்தப்புறம் மகன் வீட்டில் இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா இறந்தபோது நான் பால் மறக்காத பிள்ளை. என்னை வளர்த்தவள் அக்காதான்.

சில வருடங்களாகவே அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேசன் என்றால் "அடுத்த வெள்ளாமை முடியட்டும்" என்பாள். எந்த வெள்ளாமை என்று அவள் சொன்னதில்லை. கடைசியில் இந்த வருடம் மருமகள் சுமதிதான் சண்டை போட்டு நாமக்கல்லுக்குக் கூட்டிப்போய் நாள் குறித்துக்கொண்டு வந்தாள்.

அதைக் கேட்டு நான் பார்க்கப் போயிருந்தபோது, சுவரில் இருந்த அம்மா படத்தைக் கழற்றி எடுத்துப் போகச் சொன்னாள் அக்கா.

"தம்பி, கண்ணு தெறந்ததும் மொதல்ல நான் அம்மாவத்தான் பாக்கோணும். இந்தக் கண்ணாடி புகையேறிப் போச்சுன்னு சுமதி சொல்றா. சேலத்துல நல்ல கடையா பாத்து, கண்ணாடிய மட்டும் மாத்திக் கொண்டாந்துரு."

"சரிக்கா."

"கண்ணாடிய மட்டும்டா சாமி. வேற ஒண்ணும் பண்ணிப்போடாத."

என்னைத் தெரிந்தவள். எதைக் கொடுத்தாலும் நான் கூடுதலாக ஒன்று செய்வேன் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவளுடைய கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கச் சொன்னதற்கு, அதைப் பிரித்துப் போட்டவன் நான்.

நாற்காலியில் அம்மா

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அம்மா உயிரோடு இருக்கும்போது எடுத்த படம் இல்லை.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறவர்களைப் படம் எடுக்க யாருக்கும் அவசரம் இருந்ததில்லை. ஒருவர் போனபிறகுதான் அடடா, ஒரு படம் இல்லையே என்று நினைப்பு வரும். திருச்செங்கோட்டிலிருந்து படம் எடுக்கிறவரைக் கூட்டிவருவார்கள். குளிப்பாட்டி, பட்டுச் சேலை கட்டி, நாற்காலியில் உட்காரவைத்து எடுப்பார்கள். எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. மணியக்காரர் வீட்டிலிருந்து இரவல் வாங்கியதாகச் சொல்வார்கள். பின்னால் கயிறு கட்டி ஜமக்காளம் தொங்கவிட்டிருந்தார்கள். கழுத்து நிறைய மாலை. தாடையைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணிக்கட்டு. பக்கத்தில் தோளில் துண்டோடு அய்யன், எங்கள் அப்பா.

மூடிய இமைகளின் மேல் ஸ்டூடியோக்காரர் தூரிகையால் கண் வரைந்திருந்தார். இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் பார்க்கும்.

எனக்கு அந்தப் படத்தைக் கண்டால் கூச்சம். இதை மறைக்க விரும்பவில்லை. கல்லூரியில் படிக்கும்போது ஒரு நண்பன் ஊருக்கு வந்தான். அவன் குளிக்கப் போன நேரத்தில் படத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். அக்கா அந்த வழியாக வந்தவள், துண்டை எடுத்து, உதறி மடித்து என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். சாப்பாடு வழக்கத்தைவிட நன்றாக இருந்தது.

அய்யன் இறந்த பிறகு படம் அக்காவோடு அவள் புகுந்த வீட்டுக்குப் போயிற்று. அமாவாசை தவறாமல் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்து, நெற்றிக்கு நேராகச் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். அடுத்த அமாவாசைக்கு அதை நனைத்துத் துடைத்து மறுபடி வைப்பாள். கண் மங்கியபிறகு கையாலேயே தடவிப் பார்த்துத் துடைத்தாள். அழுக்குப் போயிற்றா என்று தெரியாததால் தண்ணீரை அள்ளி அள்ளித் தெளித்தாள்.

அந்தத் தண்ணீர் சட்டத்தின் ஓரமாக உள்ளே இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

இழுத்தேன்

சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டில் இப்போது நான் மட்டும்தான். சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய வேட்டியை விரித்து, படத்தைக் கவிழ்த்து, ஆணிகளைப் பிடுங்கினேன். பின்பலகையை எடுத்தேன். கண்ணாடிக் கடைக்குப் போயிருக்க வேண்டும். பத்து நிமிட நடை. ஆனால் இதற்கெல்லாமா கடை என்று தோன்றியது.

படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. ஓரங்கள் விட்டுக்கொடுத்தன. நடுவில், அக்கா பொட்டு வைத்து வைத்துத் துடைத்த இடத்தில், பசை போட்டதுபோலப் பிடித்துக்கொண்டது.

நான் வேதியியல் கற்பித்தவன். அந்தக் காலத்துப் படத்தின் மேல் இருப்பது ஜெலட்டின் பூச்சு என்பதும், ஈரம் பட்டு உலர்ந்தால் அது கண்ணாடியை எப்படிப் பற்றிக்கொள்ளும் என்பதும் எனக்குத் தெரியும். வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத் தெரிந்துகொண்டேதான் இழுத்தேன். பொறுமை இல்லை என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் இல்லை.

மெல்லிய ஒரு சத்தம் வந்தது. உலர்ந்த வெங்காயத் தோலை உரிக்கிற சத்தம்.

தாளில் அம்மாவின் முகம் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. முகம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். இரண்டையும் அப்படியே சேர்த்து வைத்திருந்தால்கூட முகம் தெரிந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு முகத்தைப் பிரித்தெடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கண்ணாடியைத் தட்டில் வைத்து நீர் ஊற்றினேன். கொஞ்சம் சூடு அதிகம்.

அம்மாவின் முகம் பழுப்புக் கஞ்சியாகக் கரைந்து, தட்டைத் தூக்கியபோது விரலிடுக்கில் வழிந்து, பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் போயிற்று.

அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. செய்தித்தாளில் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கிக் கருகியது. காரணமே இல்லாமல் ஏற்காடு பஸ்ஸில் ஏறி, மலையடிவாரத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். அக்கா போன் செய்தாள். "படம் என்னாச்சு?" கடைக்காரர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன். மறுபடி செய்தாள். சட்டத்துக்கு வார்னிஷ் அடிக்கிறார்கள், காயவில்லை என்றேன். ஆபரேசன் அன்று நாமக்கல் போகாமல் காய்ச்சல் என்று சொன்னேன். எனக்குக் காய்ச்சல் வந்து வருடக்கணக்காகிறது.

மருந்துக்கடை மாடி

ஏற்காடு சாலையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே சின்ன ஸ்டூடியோ. கலைச்செல்வி என்ற பெண் நடத்துகிறார். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். பாஸ்போர்ட் படம் எடுக்க ஒருமுறை போயிருக்கிறேன். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மொகமே இல்லீங்களே சார். எதை வச்சுப் பண்றது?"

"முடியாதா?"

"முடியாதுன்னு இல்லீங்க. கம்ப்யூட்டர்கிட்ட கேட்டா ஏதோ ஒரு மொகத்தக் குடுத்துரும். அது உங்கம்மாவா இருக்கணுமில்லீங்களா? அவங்க சாடையில குடும்பத்துல யாராச்சும் இருக்காங்களா?"

இருந்தாள். அக்காவைப் பார்க்கிற பெரியவர்கள் எல்லாம் எங்கள் அம்மா பழனியம்மாளை உரித்து வைத்தாற்போல இருக்கிறாள் என்பார்கள். அக்கா முப்பது வயதில் எடுத்துக்கொண்ட படம் ஒன்று என் அலைபேசியில் இருந்தது. கொடுத்தேன்.

சில நாள் கழித்துத் திரையில் காட்டினார். அம்மா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்த்தன. தாடைக்கட்டு இல்லை. நிழற்கோடுபோல ஒரு சிரிப்பு.

"உசுரோட உக்காந்திருக்காப்ல இருக்குதுங்களா சார்?"

எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். என் குற்றத்தை மறைக்க வந்தவன், அந்த நிமிடத்தில் அதை மறந்தே போனேன். நினைவு தெரிந்ததிலிருந்து நான் கூச்சப்பட்ட படம் ஒழிந்து, நண்பர்களுக்குக் காட்டக்கூடிய ஓர் அம்மா கிடைத்துவிட்டாள்.

"ஒண்ணு கேக்கணும் சார். இங்க கழுத்தோரமா, மாலைக்கு மேல, கறையாட்டம் ரெண்டு தெரியுதுங்க. இருக்கட்டுமா, எடுத்துரட்டுமா?"

குனிந்து பார்த்தேன். சந்தனம் வழிந்ததாக இருக்கும் என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் அதற்கு ஒரு வடிவம் இருந்தது. நான் உற்றுப் பார்க்கவில்லை.

"எடுத்துருங்க" என்றேன்.

கறுப்புக் கண்ணாடி

ஆற்றோரத்துக்கு வருகிறேன். மீன்காரப் பெண் கடைசிவரை என்னை விடவில்லை. உறையைப் பைக்குள் திணித்துக்கொண்டு வாய்க்கால் பாலத்தைத் தாண்டினேன். திரும்பிப் போகும்போது விட்டுவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்ற என்னைக் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"ஏண்டா, இப்படிக் கெழடு தட்டிப் போயிட்ட? கண்ணு தெரியாதப்ப நல்லாத்தான இருந்த?"

"வாங்க பெரியப்பா" என்று சுமதி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "கட்டுப் பிரிச்சதிலருந்து ஊட்டுல ஒருத்தரையும் உடறதில்லீங்க. என்ற மூக்குல மரு இருக்கறத நேத்துத்தான் பாத்தாங்களாம். கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சான்னு கேக்கறாங்க."

"கேட்டா என்ன தப்பு? சொல்லாம கட்டி வெச்சுட்டாங்களோன்னு கேட்டேன்."

முறுக்குப் பொட்டலத்தை நீட்டினேன். அக்கா அதை வாங்கி, மோந்து பார்த்து, என்னைப் பார்த்தாள்.

"பல்லில்லாதவளுக்கு முறுக்கா? என்னமோ பண்ணிப்போட்டுத்தான் வந்திருக்கற."

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றேன். அன்றைக்கு இன்னும் ஒரு பொய் பாக்கி இருந்தது.

தாளைப் பிரித்துப் படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அத்தே, அதைக் கழட்டப்படாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

"அவங்கம்மாவ அவரு கழட்டாமப் பாக்கட்டும்."

வெகுநேரம் பார்த்தாள். நான் எழுந்து சன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

"பளிச்சுனு இருக்குது" என்றாள். "யாரு இது?"

"அம்மாதான்க்கா."

"என்ற மூக்கு இது. என்ற காது. இது நாந்தான?" படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "நாஞ் செத்தப்பறம் மாட்ட வேண்டிய படத்த இப்பவே பண்ணிக் கொண்டாந்துட்டியாடா?"

சுமதி வாய்விட்டுச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அக்காவின் விரல் கண்ணாடி மேல் நகர்ந்தது. மாலைக்கு மேலே, கழுத்தோரத்தில் போய் நின்றது. அங்கேயே முன்னும் பின்னும் தடவியது.

"என்ற வெரலு எங்க?"

எனக்குப் புரியவில்லை. "எந்த விரல்க்கா?"

"என்ற வெரலுடா. அம்மா கழுத்துல இருந்த என்ற வெரலு."

அப்போதுதான் சொன்னாள். அன்றைக்கு நாற்காலியில் உட்காரவைத்த அம்மாவின் தலை ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்ததாம். துண்டைச் சுருட்டி வைத்துப் பார்த்தார்கள். நிற்கவில்லை. படம் எடுக்கிறவர் வெளிச்சம் போகிறது என்று சலித்துக்கொண்டார். பெரிய ஆட்கள் பிடித்தால் கை தெரியும், பிள்ளை கையென்றால் மாலைக்குள் மறைந்துவிடும் என்று யாரோ சொல்ல, அய்யனின் அண்ணன், எங்கள் பெரியப்பா, அக்காவை இழுத்துக்கொண்டுபோய் ஜமக்காளத்துக்குப் பின்னால் நிறுத்தினார். துணிக்கு அடியில் கையை விட்டு, அம்மாவின் தலையை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்தாள். ஒரு கை மறைந்துவிட்டது. இன்னொரு கையில் இரண்டு விரல் மட்டும் படத்தில் விழுந்துவிட்டது.

"உனக்குத் தெரியாதா? நான் சொன்னதில்லையா?"

"இல்லக்கா."

"சின்னதுல சொன்னா பயந்துக்குவேன்னு உட்டிருப்பேன். அப்பறம் நீ அந்தப் படத்துக்கிட்டயே வரமாட்ட." வேலிக்கு அந்தப்புறம் இருக்கிறவரிடம் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். "அதுக்கப்பறம் அம்மாவ நாந் தொடல. பொம்பளைங்க சூந்துக்கிட்டாங்க. அந்த வெரலப் பாக்கத்தான் கண்ணு தெறக்கோணும்னு இருந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். இழுத்தது, வெந்நீர், தொட்டி, வராத காய்ச்சல், கறையை எடுக்கச் சொன்னது, ஆறு. எதையும் குறைக்கவில்லை. சுமதி காப்பி கலக்கப் போகிறேன் என்று எழுந்தவள், நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஆத்துல உட்டுட்டியா?"

"இல்ல."

"எடு."

காக்கி உறையைக் கொடுத்தேன். தாளை வெளியே எடுத்தாள். மணியக்காரர் வீட்டு நாற்காலி, பட்டுச் சேலை, மாலை, பக்கத்தில் அய்யன். நடுவில் வெள்ளை. அவள் வெள்ளையைப் பார்க்கவில்லை. மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அந்த வெள்ளை முடிகிற ஓரத்தில், கிழிபடாமல், நகத்தோடு இரண்டு சின்ன விரல்கள் இருந்தன. இப்போது எனக்கும் தெரிந்தது. விரல் என்று தெரிந்தபிறகு வேறு எதுவாகவும் பார்க்க முடியவில்லை.

"இருக்குது" என்றாள்.

"முகம் போயிடுச்சேக்கா."

"எனக்கு எங்கடா போச்சு? தெனமும் பாத்துப் பழகுன மொகம். உனக்குத்தான் போச்சு. நீ அவளப் படத்துலதான பாத்த."

கோபமாகச் சொல்லவில்லை. இருக்கிறதைச் சொன்னாள். இத்தனை நாளும் அவளிடமிருந்து எதைப் பறித்துவிட்டேன் என்றே நினைத்து அலைந்துகொண்டிருந்தேன். கண்ணை மூடி, அந்தப் பழைய முகத்தைக் கொண்டுவரப் பார்த்தேன். இரண்டு பக்கம் பார்க்கிற அந்தக் கண்களைக்கூட. கலைச்செல்வி செய்துகொடுத்த முகம்தான் சிரித்துக்கொண்டு வந்தது.

"சுமதி, இந்தப் புதுப் படத்தப் பொட்டில வெய்யி. பொறகு எனக்கு ஆகும்." பழைய தாளை என்னிடம் நீட்டினாள். "இதுக்கு ஒரு கண்ணாடி போட்டுக் கொண்டா. கடையில குடுத்துப் போடு. கண்ணாடிய மட்டும்."

வாங்கிக்கொண்டேன். எழுந்து உட்கார்ந்து, தாளை உறைக்குள் வைத்து, மறுபடி எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினேன்.

"உக்காருடா. சும்மா ஊஞ்சலாட்டம் ஆடிக்கிட்டு."

உட்கார்ந்தேன். அக்கா கட்டிலைப் பிடித்து மெதுவாக எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்தாள். "அத்தே, குனியக் கூடாது" என்றாள் சுமதி. "நான் குனியல" என்றாள் அக்கா. உலர்ந்த இரண்டு கைகள் என் காதுக்குக் கீழே வந்து, தலையைத் தாங்கிக்கொண்டன. முறுக்குப் பொட்டலத்தின் எண்ணெய் வாசனை விரல்களில் இருந்தது.

"இப்பிடித்தான் புடிச்சிருந்தேன். நல்ல கனம். தூங்கற கொழந்த தலையாட்டம்."

என் தலை அவள் கைக்குள் ஆடிக்கொண்டிருந்தது.

"அசையாத" என்றாள்.

அசையாமல் இருந்தேன்.